லைன்வேபர் வீட்டுப் பெண்தானா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை அமாலியா பொந்தார். பத்தொன்பது வருடமாக எங்கள் ஸ்தெப்னோயே ஊர்க் கூட்டுப்பண்ணையின் பால் கொட்டகையில் அவள்தான் நிற்கிறாள். காலை ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் வாளியும் கையுமாக வரிசையில் வந்துவிடுவார்கள். அமாலியா ஒவ்வொரு வாளியிலும் கரண்டியை விட்டு அடிவரை கலக்குவாள். கண்ணாடிக் குழலில் ஊற்றிப் பால்மானியை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து, பால் கொண்டு வந்தவளின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள். பால்மானிக்குத் தப்பினவர்கள்கூட அந்தப் பார்வைக்குத் தப்பியதில்லை.

தொழில்தான் அவளை இப்படி ஆக்கியது என்று சொல்கிறவர்களுக்கு அவளைச் சின்ன வயதில் தெரியாது. ஸ்தெபான் பொந்தார் என்கிற உக்ரேனிய டிராக்டர்க்காரன் அவளைப் பெண் கேட்டபோது, அவனைப் பற்றி நான்கு ஊரில் விசாரித்து முடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவாள். நாளைக்குப் பனி விழும் என்று வானொலி சொன்னால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "சொல்றான், பாப்போம்" என்பாள். ஸ்தெபான் இதையெல்லாம் முப்பது வருடமாகச் சகித்துக்கொண்டவன். தன் மனைவி செத்தால் கல்லறைக் குழியின் ஆழத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவாள் என்று டிராக்டர் கொட்டகையில் சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஊரில் பாதி வீடுகளின் ஜன்னலில் பலகை அடித்திருந்தது. நாற்பத்தொன்றில், போர் நடந்தபோது, வோல்கா கரையிலிருந்து ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து தள்ளிய ஜெர்மன்காரர்களின் ஊர் இது. ஜெர்மன் வீடு என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர்கள் எல்லாம் ஜெர்மனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அமாலியாவின் மகள் இர்மாவும் பெட்டி கட்டக் காத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள், புருஷனுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் வாத்தியாரைத் தவிர மற்ற வாத்தியார்கள் எல்லாம் போயாகிவிட்டது. ஆனால் அப்பன் உக்ரேனியன். இர்மாவுக்கு இருந்த ஒரே வழி அம்மா. அமாலியா லைன்வேபர் வீட்டில் பிறந்த ஜெர்மன்காரி என்று காகிதத்தில் நிரூபித்தால்தான் குடும்பத்துக்கே கதவு திறக்கும்.

காகிதம் என்று பார்த்தால் அமாலியாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஐம்பத்தாறில், நாடு கடத்தி வந்தவர்கள் போலீஸ் கமாண்டன்டிடம் மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போடுவது நின்ற வருடத்தில், அவள் அம்மா வாயால் சொன்னதை வைத்து எழுதிக் கொடுத்த பிறப்புச் சான்று. வாய்ச்சொல்லுக்கு எழுதினது செல்லாது, பிறந்த இடத்துப் பதிவேடு வேண்டும் என்று ஜெர்மன் தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா இருந்தால் கேட்கலாம். அவள் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அதனால் வோல்கா கரையில் பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு இர்மா கடிதம் எழுதினாள். பெயர் அமாலியா, தகப்பன் அந்திரியாஸ் லைன்வேபர், தாய் கிறிஸ்டீனா, பிறந்த ஊர் வைடன்ஃபெல்ட், பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு ஏப்ரல்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அமாலியா உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தைத் தடவி, பிறகுதான் கிழித்தாள். உள்ளே நான்கு வரி. லைன்வேபர் அமாலியா, தகப்பன் அந்திரியாஸ், தாய் கிறிஸ்டீனா, வைடன்ஃபெல்ட் ஊர், பிறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று ஜனவரி ஒன்பது. இறப்பு அதே வருடம் ஆகஸ்டு இருபத்திரண்டு. முப்பத்து மூன்றுக்குப் பிந்தைய பதிவேடுகள் எங்களிடம் இல்லை.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு இர்மாவிடம் கொடுத்தாள். இர்மா ஸ்தெபானிடம் கொடுத்தாள். ஸ்தெபான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அப்போ நான் முப்பது வருஷமா யாரோட குடும்பம் நடத்துறேன்?" என்றான்.

"வாய மூடு" என்றாள் அமாலியா.

அவன் வாய் வீட்டில் மூடும், டிராக்டர் கொட்டகையில் மூடாது. செத்துப்போன பெண்ணோடு தான் குடித்தனம் நடத்துகிற கதையை அன்று மாலையே நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பால் கொட்டகையில் எத்தனை வருடத்துக் கடுப்பு சேர்ந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வரிசையில் ஃப்ரீடா டைஸ்லிங் நின்றாள். அமாலியாவுக்குப் பக்கத்து வீடு, பத்து வயது இளையவள். இரண்டு தடவை அவள் பாலை அமாலியா திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்றும் பால்மானி கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது.

"தண்ணி" என்றாள் அமாலியா.

"அது மாடு குடிச்ச தண்ணி, அக்கா. நான் ஊத்துன தண்ணி இல்ல."

"மாடு குடிச்சா மடியில வேற மாதிரி வரும். இது கிணத்துத் தண்ணி."

ஃப்ரீடா வாளியைத் தூக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "என் பால்ல கலந்தது உனக்குத் தெரிஞ்சிருது. உன் பால்ல என்ன கலந்திருக்குன்னு வோல்காவுலேர்ந்து கடுதாசி வந்துச்சாமே?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி இரக்கப்படுவது போல, "நாப்பத்தொண்ணுல நம்மள ஏத்திட்டு வந்த ரயில்ல எத்தனையோ புள்ளைங்க அனாதையாக் கெடந்துச்சாம். பெத்த புள்ளையப் பறிகுடுத்தவ ஒருத்தி இன்னொருத்தி புள்ளைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டா, அதுல தப்பென்ன இருக்கு?" என்றாள்.

"நான் தப்புன்னா சொன்னேன்?" என்றாள் ஃப்ரீடா. "தண்ணி ஊத்துனா ஊத்துனேன்னு சொல்லணும்னுதான் சொல்றேன்."

அமாலியா அவள் பாலை வாங்கிப் பெரிய தொட்டியில் ஊற்றினாள். பத்தொன்பது வருடத்தில் தெரிந்தே தண்ணீர்ப் பாலை அவள் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அது தெரிந்த விஷயம். ஆனால் அமாலியாவின் தொல்லை ஊர் இல்லை. யாரையும் நம்பாதவளுக்குத் தன்னை மட்டும் எப்படி நம்ப வரும்? ஃப்ரீடா வீசிய வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழலில் ஊற்றி மானியைப் போட்டுவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று மூக்கைப் பார்த்தாள். அம்மாவின் மூக்கு நீளம், இவளுடையது சப்பை. தம்பி அந்திரேயின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவனுக்கு அம்மாவின் மூக்கு அச்சாக வந்திருந்தது. அவனும் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரல் போய், எண்பத்தாறில் செத்துவிட்டான். அவனிடமும் கேட்க முடியாது.

பிறகு ஞாபகங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அம்மா ஒரு நாள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவாள். நாற்பது வயதில், இர்மா வளர்ந்து நின்ற பிறகும் "சின்னவளே". தம்பிதான் சின்னவன், இவள் மூத்தவள். மூத்தவளைப் பார்த்து எவளாவது சின்னவளே என்பாளா? அப்படியென்றால் பெரியவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். முப்பத்து மூன்றில் பிறந்து, அந்தப் பஞ்ச வருடத்திலேயே செத்த உண்மையான அமாலியா. அவள் பெயரை, அவள் இடத்தை, ரயிலில் கிடைத்த ஏதோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்தாளே தவிர, கூப்பிட வாய் வரவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவள் தூங்கும்போது அம்மா வந்து முகத்துக்கு நேராகக் குனிவாள். அமாலியா பாதிக் கண் திறந்து பார்த்திருக்கிறாள். அம்மாவின் முகம் கல் மாதிரி இருக்கும். தூங்குகிறாளா நடிக்கிறாளா என்று சோதிக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள். இப்போது அதற்கும் வேறு அர்த்தம் வந்தது. இது யார் பிள்ளை என்று பார்த்திருக்கிறாள்.

எல்லாம் பொருந்தியது. தன்னைப் பெற்றவள் யாரோ ஒரு ரஷ்யாக்காரியோ, யூதச்சியோ, வழியில் பிள்ளையைத் தவறவிட்டவள். அவள் தேடியிருப்பாளா? ஐம்பத்தைந்து வயதில் பெற்றவள் யாரென்று தேட வேண்டி வந்துவிட்டதை நினைத்து, அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்த கையோடு அழுதாள்.

இர்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, லிஸ்பெத் சித்திப் பாட்டியப் போய்க் கேட்டா என்ன? அவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"அவகிட்டயா? அவ வாசல மிதிக்க மாட்டேன்."

லிஸ்பெத் அமாலியாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பெர்யோசொவ்காவில் இருந்தாள். எழுபத்தெட்டு வயது. அம்மாவை அடக்கம் பண்ணிய வாரம் வீட்டில் இருந்த வாத்து இறகு மெத்தை காணாமல் போயிற்று. எடுத்தவள் லிஸ்பெத் சித்திதான் என்று அமாலியா ஊரறியச் சொன்னாள். கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் சித்தி கிளம்பும்போது வண்டியில் மூட்டை வந்ததைவிடப் பருமனாக இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

"மெத்தை பெருசா, நாங்க போறது பெருசா?" என்றாள் இர்மா. பிறகு மெல்லக் கேட்டாள். "நெசமாவே எடுத்து வளத்த புள்ளைன்னு ஆயிட்டா, நாம இங்கயேதானேம்மா?"

அமாலியா அவள் முகத்தைப் பார்த்தாள். பால்மானி தேவைப்படவில்லை. பயந்துபோயிருந்தாள். சனிக்கிழமை காலை அமாலியா பேருந்து ஏறினாள்.

லிஸ்பெத் சித்தி கதவைத் திறந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தபடி நின்றாள். ஆள் சுருங்கியிருந்தாள், கண் சுருங்கவில்லை.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல சித்தி."

"பின்ன எதுக்கு வந்த? மெத்தைக்கா?" அமாலியா வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஆமாடி, நான்தான் எடுத்தேன். எங்கக்கா படுத்த மெத்தை. அவளும் நானும் சின்னதுல ஒரே மெத்தையில படுத்தவங்க. உன்கிட்டக் கேட்டா குடுத்திருப்பியா? நூறு கேள்வி கேட்டிருப்ப. அதான் கேக்காம எடுத்தேன். இப்ப என்ன, போலீசக் கூட்டியாந்திருக்கியா?"

பதினான்கு வருடச் சந்தேகம் இப்படி வாசலிலேயே நிரூபணமாகும் என்று அமாலியா எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. "மெத்தை கெடக்கட்டும் சித்தி. வேற ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

சித்தி அவளை உள்ளே விட்டாள். வறுத்த பார்லிக் காப்பி ஊற்றினாள். தட்டில் வெண்ணெயில் உதிர்த்த மாவு தூவிய கேக் இரண்டு துண்டு வைத்தாள். அமாலியா கைப்பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தாள். சித்தியின் கை காப்பிக் குவளையிலேயே நின்றுவிட்டது.

"அத உள்ள வை."

"மறந்துருவேன் சித்தி, எழுதிக்கிறேன்."

"உள்ள வைன்னு சொல்றேன். நாப்பத்தொண்ணுலயும் இப்படித்தான் ஒருத்தன் நோட்டோட வந்தான். பேரு என்ன, வயசு என்ன, எங்க பொறந்தீங்கன்னு கேட்டான். எங்கம்மா வெள்ளந்தியா எல்லாருக்கும் வரிசையாச் சொன்னா, கேக்கும் குடுத்தா. மூணாம் நாள் வாசல்ல வண்டி நின்னுச்சு. யாரு அனுப்புனா உன்ன?"

"இர்மாதான். ஜெர்மனிக்குப் போறதுக்கு."

"அங்கயும் லிஸ்ட்டு எடுக்குறானா?"

"எடுக்கறான்."

"அப்ப போகாதீங்க" என்றாள் சித்தி.

அமாலியா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். காப்பகக் கடிதத்தை மட்டும் எடுத்து மேசையில் விரித்து வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது சித்தியின் முகத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை. பிறகு நேராகக் கேட்டாள். "அமாலியா முப்பத்து மூணுலயே செத்துட்டான்னு போட்டிருக்கு. அப்ப நான் யாரு சித்தி? ரயில்ல எடுத்தீங்களா என்னை?"

சித்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினாள்.

"எந்த அமாலியாவக் கேக்குற நீ? மொத்தம் மூணு பேரு. இது மொதலாவது. பாலில்லாம போச்சு. ரெண்டாவது முப்பத்து நாலு கடைசியில பொறந்தா, நல்லா ஓடியாடித் திரிஞ்சா, முப்பத்தேழுல அம்மை வந்து போயிட்டா. நீ மூணாவது."

"மூணு பேருக்கும் ஒரே பேரா?"

"வேற எந்தப் பேர வெக்கிறது? தலைப் பொண்ணுக்கு, ஞானஸ்நானத்துல அவளக் கையில ஏந்துற ஞானத்தாய் பேரு. உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்த ஞானத்தாய் அமாலியா ஹெர்கெர்ட். புள்ள போச்சுன்னா பேரு அவகிட்டயே திரும்பிப் போயிரும். அடுத்த பொண்ணு பொறந்தா அவளே வந்து திரும்பக் குடுப்பா. வைடன்ஃபெல்டுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். ரெண்டு யோகானஸ், மூணு கத்தரீனான்னு கல்லறையில போய்ப் பாத்தாத் தெரியும். ரயிலேறி வந்தப்புறம் ஞானத்தாய் ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம்னு சிதறிட்டோம். அந்த வழக்கம் அத்தோட போச்சு. உனக்கெங்க தெரியும்?"

அமாலியா கேக்கைத் தொடவே இல்லை. "அம்மா ஏன் என்கிட்டச் சொல்லல?"

"உனக்கு அந்தப் பேரு வேண்டாம்னு உங்கம்மா அழுதா. ஞானத்தாயும் அழுதா. ஊருல அவள ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவ பேரு ரெண்டு புள்ளைய முழுங்கிருச்சுன்னு. கடையில அவ பக்கத்துல நிக்க மாட்டாங்க. 'கிறிஸ்டீனா, மூணாவதுக்கும் என் பேர வெச்சு வாழ வெச்சுக் காட்டு, இல்லன்னா நான் ஆத்துலதான் விழணும்'னா. கடைசியில உங்கம்மா ஒத்துக்கிட்டா. பேர வெக்கிறேன், ஆனா கூப்பிட மாட்டேன்னா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, போன ரெண்டும் தங்களைத்தான்னு நெனச்சுத் திரும்பிப் பாக்கும்னு அவளுக்குப் பயம். அதனாலதான் சின்னவளேன்னு கூப்பிட்டா. நீ தூங்குனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மூக்குல மூச்சு வருதான்னு குனிஞ்சு பாப்பா. அஞ்சு வயசு வரைக்கும் பாத்தா. நாங்கெல்லாம் பைத்தியம்னு சொல்லுவோம்."

அமாலியா கேட்டவுடன் நம்பிவிட்டாள் என்று நினைத்தால் அவளை இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். இர்மா முன்னாலேயே சித்திக்கு எழுதி இப்படிச் சொல்லச் சொல்லியிருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு, வயதானவள், மனசு கேளாமல் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். ஆனால் அதுதான் எங்கேயோ இடித்தது. இவள் எதற்கு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்? பதினான்கு வருடமாக ஊர் முழுக்க இவளைத் திருடி என்று சொன்னவள் நான். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "ஆமா, ரயில்லதான் பொறுக்குனோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் இங்கேயே விழுந்திருப்பேன். சொல்லவில்லையே. தவிர, கேட்பதற்கு முன்னாலேயே திருட்டை ஒத்துக்கொண்ட வாய், இதில் மட்டும் எதற்குப் பொய் சொல்லப் போகிறது? என்மேல் கோபமாக இருக்கிறவள் எனக்காகத் தண்ணீர் கலக்க மாட்டாள்.

அங்கேதான் உடைந்தாள். மேசையில் தலையைச் சாய்த்து, ஐம்பத்தைந்து வயதுப் பெண் அழுகிற மாதிரி இல்லாமல் சத்தமாக அழுதாள். அம்மா தன்னைச் சோதித்தாள் என்று நினைத்தே வளர்ந்துவிட்டாள். அந்தக் கல் முகம் பயத்தில் இறுகினது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை.

சித்தி அவள் முதுகைத் தடவவெல்லாம் இல்லை. "காப்பி ஆறுது" என்றாள். கிளம்பும்போது, "முப்பத்து நாலுல எங்க ஊரைப் பக்கத்து மாவட்டத்துல சேத்துட்டாங்க. பதிவு நோட்டெல்லாம் அங்க போயிருக்கும். அங்க எழுதிக் கேளு" என்று மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொன்னாள். "நான் கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். மெத்தையும் தர மாட்டேன்."

"வேணாம் சித்தி. வெச்சுக்க" என்றாள் அமாலியா.

இர்மா புதிய இடத்துக்குக் கடிதம் எழுதியபோது அமாலியா பக்கத்திலேயே நின்றாள். தன் பதிவை மட்டும் கேட்டால் போதாது, முப்பத்து நான்கில் பிறந்தவளையும் கேட்டு எழுது என்றாள். அது எதற்கு, நமக்கு வேண்டியது உன்னுடையது மட்டும்தானே என்று இர்மா முணுமுணுத்தாள். இருந்தாலும் எழுதினாள். அடுத்த ஏப்ரலில் பதில் வந்தது. லைன்வேபர் அமாலியா, பிறப்பு முப்பத்து நான்கு நவம்பர் முப்பது, இறப்பு முப்பத்தேழு பிப்ரவரி பதினொன்று. லைன்வேபர் அமாலியா, பிறப்பு முப்பத்தெட்டு ஏப்ரல் பதினேழு. இறப்புப் பதிவு இல்லை.

"அப்பாடா, உயிரோட இருக்க. முத்திரை குத்தி அனுப்பிட்டான்" என்றான் ஸ்தெபான். அந்தத் தடவை அவள் அவனை வாயை மூடச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை நிரப்பித் தருவது பள்ளிக்கூட ஜெர்மன் வாத்தியார் ஏர்னா கெர்லாக். ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பத்தை அவள்தான் தட்டச்சு செய்திருக்கிறாள். கேள்வியைப் படிக்காமலே அடுத்த கட்டத்துக்குப் போகிற அளவுக்குப் பழக்கம். மதியம் வகுப்பு முடிந்ததும் நூலக அறையில் உட்கார்ந்தார்கள். ஏர்னா தட்டத் தட்ட, அமாலியா காகிதத்துக்கு மேல் குனிந்து ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், நாடு கடத்தப்பட்ட வருடம், எல்லாம் முடிந்தது.

"கூடப் பொறந்தவங்க?" என்றாள் ஏர்னா. "அந்திரேய் ஒருத்தர்தானே?"

"மூணு பேரு. மொதல்ல அமாலியா, முப்பத்து மூணு. அடுத்து அமாலியா, முப்பத்து நாலு. அப்புறம் அந்திரேய்."

ஏர்னாவின் விரல் நின்றது. "அக்கா, விண்ணப்பதாரர் பேரும் அமாலியா. ஒரே தாள்ல மூணு தடவ வரும்."

"வரட்டும்."

"சொல்றதக் கேளுக்கா. சின்ன வயசுல போன புள்ளைங்கள இதுல எழுதணும்னு கட்டாயமே இல்ல. நாலு வருஷமா நான் இதத்தான் பாக்குறேன். கொஞ்சம் வித்தியாசமா ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், எடுத்துத் தனியா வெச்சிருவாங்க. யாரோட சான்றிதழ வெச்சு யாரு வர்றாங்கன்னு சந்தேகப்படுவாங்க. ஒரு வருஷம் இழுக்கும். திருப்பி அனுப்புனாலும் அனுப்புவாங்க."

இர்மா எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அம்மா, வேண்டாம்மா. உனக்குச் சான்று வந்தாச்சு. அவங்கள யாரு கேட்டா? எங்க எல்லாரையும் இதுல கட்டிப் போடாத."

மகள் சொல்வது தப்பென்று அமாலியாவுக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் எப்படிச் சந்தேகப்படுவார்கள் என்பது அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவளே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்தத் தாளைத் தனியாகத்தான் எடுத்து வைத்திருப்பாள்.

"சந்தேகப்படட்டும்டி" என்றாள். "சந்தேகப்பட்டாத்தான் எழுதிக் கேப்பான். இந்த அமாலியா யாரு, அந்த அமாலியா யாருன்னு கேப்பான். நான் சொல்றேன். அவளுங்க செத்து அறுபது வருஷமாச்சு, இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதே இல்ல. பெத்தவளே பேரச் சொல்லிக் கூப்பிடப் பயந்தா. அவனாவது கேக்கட்டும்."

இர்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏர்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு வரியையும் தட்டினாள். அமாலியா கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தாள். முப்பத்து மூன்றில் பிறந்த அமாலியாவின் பெயரில் ஒரு எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. அதை மறுபடி அழுத்தித் தட்டச் சொன்னாள்.